ஆண்கடலும் பெண்கடலும்: பாக்கு நீரிணையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இலங்கையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களைப் பற்றி எழுதினர். கோட்டைகளைப் பற்றி எழுதினர். அரசர்களின் ஆட்சியாண்டுகளைப் பிழையறக் கணிக்க முயன்றனர். ஆயின், நமது வடமேற்குக் கரைக்கும் தமிழகத்தின் தென்கீழ்க் கரைக்கும் இடையே கிடக்கும் ஆழமற்ற கடலை அவர்கள் பெரும்பாலும் ஒரு வெற்றிடமாகவே கொண்டனர். படைகள் அதனைக் கடந்தன, வணிகர் கடந்தனர், துறவிகளும் புலவர்களும் கடந்தனர். எம்மாதத்திலே கடந்தனர், எக்காற்றை நம்பிக் கடந்தனர், எவருடைய உழைப்பு அவர்களைக் கரை சேர்த்தது என்ற வினாக்கள் எழுப்பப்படவில்லை. வகுப்பறையிலே தேசப்படம் வரையும் மாணவர் அவ்விடத்தை நீல வண்ணத்தால் நிரப்பிவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வாறு செய்யும்படி அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமே. இக்கட்டுரையிலே அந்த நீலத்திட்டினுள் நீர் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அவ்வியக்கம் அக்கடலைச் சார்ந்து வாழ்ந்த மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதையும் ஒருவாறு நோக்குவோம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். 1763 முதல் 1767 வரை சென்னையிலே கவர்னராக இருந்த றொபேட் பாக் என்ற ஆங்கிலேயரின் பெயரையே இந்நீரிணை இன்றுவரை தாங்கி நிற்கின்றது. அதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னிருந்தே அங்கு தோணி விட்ட மக்கள் தமக்கென வேறு பெயர்களை வைத்திருந்தனர். இராமேசுவரத் தீவின் வடக்கே உள்ள கடலை அவர்கள் பெண்கடல் என்பர். தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பர். ஒன்று ஆழமற்றது, ஆண்டின் பெரும்பகுதி அடங்கிக் கிடப்பது. மற்றது ஆழமானது, நீண்ட அலை வீசுவது. கவர்னரின் பெயர் கடலைப் பற்றி நமக்கு எதனையும் அறிவிப்பதில்லை. மீனவர் இட்ட பெயர்களோ இரண்டு கடல்களின் இயல்பையும் இரண்டே சொற்களிற் கூறிவிடுகின்றன. பெண்ணுக்குச் சாந்தமும் ஆணுக்கு மூர்க்கமும் உரியன என்ற பழைய நினைப்பு அதனுள் ஒளிந்திருப்பதை வேண்டுமானால் நாம் குறை கூறலாம்.

இவ்விரு கடல்களுக்கும் இடையிலான வேறுபாடு வியப்புக்குரியது. பாக்கு வளைகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழங்கூட இல்லாதது. அதன் தெற்கு வாயிலிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணற்றீடைகளும் பாறைத் திட்டுகளும் வரிசையாகக் கிடக்கின்றன. இராமர் அணை என்றும் ஆதாமின் பாலம் என்றும் வழங்குவது இதுவே. அதனைத் தாண்டித் தெற்கே சென்றால் தரை சரிந்து, மன்னார் வளைகுடா ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைகின்றது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரிற் பெரும்பங்கு பனிக்கட்டியாய் உறைந்திருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றுள்ளதைவிட 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. அன்று பெண்கடல் கடலே அன்று. இந்தியாவையும் இலங்கையையும் இணைத்துக் கிடந்த சமவெளி. பனி உருகியபோது வெள்ளம் ஏறி மூடிய நிலமே இன்று நாம் காணும் கடலடித் தளம்.

இத்தகைய கடலுக்கு வாயில்கள் இரண்டு: வடக்கே வங்காள விரிகுடாவை நோக்கிய அகன்ற வாயில்; தெற்கே பாம்பன் கால்வாயும் தீடைகளுக்கிடையிலான சிறு ஓடைகளுமாகிய ஒடுங்கிய வாயில். ஏற்றவற்றம் இங்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே நீரை இயக்கும் பெருவலி காற்றேயாகும். கார்த்திகை தொடக்கம் மாசி வரையான வாடைக்காலத்தில் இந்தியக் கீழ்க்கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடிவரும் நீரோட்டம் கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை முதலிய நதிகள் சொரிந்த நன்னீர் கலந்து உவர்ப்புக் குறைந்த நீரைக் கொண்டுவருகின்றது. அதில் ஒரு சிறு பகுதி கோடியக்கரையைத் தாண்டிப் பெண்கடலுள் நுழைந்து, தெற்கு ஓடைகளின் வழியே ஆண்கடலிற் கலக்கின்றது. பெரும்பகுதியோ ஆழமின்மையால் உள்ளே வர இயலாது, இலங்கையின் கீழ்க்கரையைச் சுற்றிச் செல்கின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசுங்காலையில் யாவும் தலைகீழாகின்றன: உவர்ப்பு மிகுந்த நீர் ஆண்கடலிலிருந்து ஓடைகளின் வழியே வடக்கு நோக்கிப் பெண்கடலுள் ஏறுகின்றது. ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இவ்வோட்டத்தைத் தென்பாண்டிக் கரை மீனவர் நீவாடு என்பர். வடக்கிலிருந்து வருவதை வாநீவாடு என்றும் தெற்கிலிருந்து வருவதை சோநீவாடு என்றும் பிரித்துச் சொல்வர். வாடையையும் சோளகத்தையும் நீரோட்டத்தின் பெயருக்குள்ளேயே பொதிந்து வைத்த இச்சொற்கள், காற்றுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள காரணகாரியத் தொடர்பை அம்மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாம்.

ஆழக் கடலிலே காற்றின் வலி மேற்படையோடு நின்றுவிடும். கீழே குளிர்ந்த நீர் வேறாகக் கிடக்கும். ஆழமற்ற கடலிலோ காற்று அடித்தளம்வரை கலக்குகின்றது. சேறும் மணலும் எழும்பி நீரோடு செல்கின்றன. காற்று ஓய்ந்தவிடத்து படிகின்றன. இராமர் அணையின் தீடைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதும் வடிவம் மாறுவதும் இதனாலேதான். இந்த உண்மையை மனத்திருத்திக்கொண்டால் பின்னர் நாம் கூறப்போகும் பலவும் விளங்கும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலே தாம் நேரிற் காணாத இக்கடலைப் பற்றி உரோம அறிஞர் பிளினி எழுதிய குறிப்பு ஆச்சரியப்படத்தக்க அளவுக்குச் செம்மையானது. தப்ரபேனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கடல் ஆழமற்றது என்கிறார் அவர். அவர் கூறும் அளவு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 9 மீற்றராகும். இடையிடையே நங்கூரம் எட்டாத ஓடைகள் உண்டென்றும், அவ்வொடுங்கிய ஓடைகளிலே கலத்தைத் திருப்ப நேராதவாறு இரு முனையிலும் அணியம் வைத்துக் கட்டினர் என்றும் குறிப்பிடுகின்றார். ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் அவர்கள் கடலோடுவதில்லை என்பதும், கோடையின் நெடும்பகல் நாளுக்குப் பின்வரும் நூறு நாள்களை முற்றாகத் தவிர்ப்பர் என்பதும் அவர் தரும் மேலதிகச் செய்திகள். அந்த நூறு நாள்கள் சோளகம் உக்கிரமாய் வீசும் நாள்களே அல்லவா? பிளினியின் ஏட்டிலே நமக்குக் கேட்பது இக்கடலிற் கலஞ்செலுத்திய பெயரறியா மாலுமியின் குரலென்றே நாம் கருதுகின்றோம்.

மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருந்த மாந்தை என்னும் மாதோட்டம் பதினோராம் நூற்றாண்டுவரை பெருந்துறைமுகமாய் விளங்கியமைக்கும் இக்கடலின் அமைப்பே பெரிதும் காரணமாயிற்று. மேற்றிசையிலிருந்து வந்த பெருங்கலங்கள் தீடைகளைக் கடக்கமாட்டா. அங்கு சரக்கிறக்கிச் சிறுகலங்களிலே ஏற்ற வேண்டியிருந்தது. காற்று மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. காத்திருக்குமிடத்திலே சந்தை தோன்றும்; சந்தை தோன்றுமிடத்திலே சுங்கமும் கோயிலும் தோன்றும். எனினும் இதனைக் கொண்டு நீரோட்டமே மாந்தையை உண்டாக்கியது என்று முடிவுகட்டிவிடல் தவறு. அநுராதபுரத்தின் நெல் உபரியும், சுமை தூக்கிய கைகளும், பாரசீகம் முதல் சீனம் வரை நீண்ட வணிக வலையும் இன்றேல் அந்நீரோட்டம் மணலை மட்டுமே சுமந்து சென்றிருக்கும். பொலனறுவை தலைநகரானதும் பாதைகள் மாறின, மாந்தை மங்கியது, சோளகமும் வாடையும் முன்போலவே வீசிக்கொண்டிருந்தன.

இனி முத்துக்கு வருவோம். இக்கடலின் நீரியக்கமும் மனிதரின் பேராசையும் நேருக்கு நேர் மோதிய இடம் அதுவாதலின் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

ஆண்கடலின் வடகோடியிலே, அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு அப்பால், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழமுள்ள மேட்டுத் தளத்திலே முத்துச் சிப்பிகள் படியும் பார்கள் உள்ளன. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரிலே கோட்டை கட்டியதற்கும், ஒல்லாந்தர் 1658இல் அதனைக் கைப்பற்றியதற்கும் இப்பார்கள் முக்கிய காரணமாயின. 1796இல் ஆங்கிலேயர் வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பு நடத்தினர். முதற் கவர்னர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென அரிப்பிலே கட்டிய மாளிகையின் இடிபாடுகளைக் கடல் இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் சிப்பிகள் அரசாணைக்குக் கட்டுப்படுவனவல்ல. சில ஆண்டுகள் கோடிக்கணக்கில் விளையும். பின் பத்து, பதினைந்து ஆண்டுகள் பார்கள் வெறுமையாய்க் கிடக்கும். 1887 முதல் 1891 வரை தொடர்ச்சியாக வருவாய் கண்ட அரசாங்கம், அதன் பின்னர் 1903 வரை ஒரு குளிப்புத்தானும் நடத்த இயலாது திகைத்தது. குளியாளர் திருடிவிட்டனர் என்றும், திருக்கை மீன்கள் தின்றுவிட்டன என்றும் பலவாறு பேசப்பட்டது. ஈற்றில் லிவர்ப்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்ணெலும் பார்களை ஆராயத் தொடங்கினர். அவர்களது அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயல் சங்கம் வெளியிட்டது.

அவ்வறிக்கையிலே நமது கவனத்துக்குரியது பெரிய பாரின் கதை. ஏறத்தாழ பதினொரு மைல் நீளமுடைய அப்பார் ஆழக் கடலின் விளிம்பை ஒட்டியது. 1902 மார்ச்சிலே ஹேர்ட்மன் அதனைப் பார்த்தபோது சில மாத வயதுடைய இளஞ்சிப்பிகள் தரை தெரியாதவாறு மூடிக் கிடந்தன. அவற்றின் தொகை பத்தாயிரம் கோடிக்குக் குறையாதென மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே பார்த்தபோது பார் வெறுமையாயிருந்தது. இடையிலே சோளகம் வந்து போயிருந்தது. ஆழத்திலிருந்து சரிவின் வழியே ஏறிவந்த நீர் அப்பாரின் மணலைக் கிளறி இளஞ்சிப்பிகளை மூடியும் வாரியும் சென்றுவிட்டது. இது அவ்வாண்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. முந்திய இருபது ஆண்டுகளின் பதிவுகளை நோக்கியபோது அப்பாரிலே இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் படிந்தமையும், ஒருமுறையேனும் குளிப்புக்குரிய பருவத்தை அவை எட்டாமையும் புலனாயின. சிப்பியின் குடம்பி நீரிலே மிதந்து திரிந்து, ஓட்டம் கொண்டுபோய்விட்ட இடத்திலே படிவது. படிந்த இடம் நல்லதா தீயதா என்பதை அது தேர்வதில்லை.

இதிலே ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. அப்பாரைக் கடலோடிகள் தாய்ப் பார் என்று அழைத்தனர். அங்கு பிறந்த சிப்பிகளே பிற பார்களுக்குச் செல்கின்றன என்பது அவர்களது கொள்கை. ஹேர்ட்மன் தாமே இதனைக் குறித்துள்ளார். இளஞ்சிப்பி நடந்து செல்வதில்லையாதலின் அக்கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆயினும் ஒரு பாரின் வளம் இன்னொரு பாரின் வளத்தோடு நீரோட்டத்தால் இணைக்கப்பட்டுள்ளது என்ற கருத்தை, உருப்பெருக்கியும் வலையுமின்றி, மூச்சையடக்கி மூழ்கிய மனிதர் முன்னரே எட்டியிருந்தனர். முத்தின் கருவிலே இருப்பது நாடாப்புழுவின் குடம்பி என்று பேராசிரியர் பெரிதாக நிறுவிய கொள்கை பிற்காலத்திற் கைவிடப்பட்டது. நீரையும் மணலையும் பற்றி அவர் கூறியதே நின்றது.

அறிவியல் கூறியது அது. அரசாங்கம் செய்தது வேறு. 1903 முதல் நல்ல விளைச்சல் கிடைத்தது. 1905இல் எட்டுக் கோடியளவு சிப்பிகள் எடுக்கப்பட்டன. பாலை போன்ற கரையிலே சில வாரங்களில் ஓலைக்கொட்டில்களால் ஒரு நகரம் எழுந்து மறையும். தமிழகக் கரையின் பரதவரும் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவின் அரேபியரும் அங்கு குளித்தனர். எடுத்த சிப்பியிலே மூன்றிலிரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூன்றிலொரு பங்கு குளியாளருக்கும் தோணியினருக்கும். மாலைதோறும் அரசின் பங்கு ஏலத்திற் போகும். 1906இல் மறிச்சுக்கட்டியிலே இளம் அதிகாரியாய்ப் பணிபுரிந்த லெனாட் வூல்ஃப், அழுகும் சிப்பிகளின் நாற்றத்தையும் அதிகாரிகளின் அகந்தையையும் பொருளாக்கி எழுதிய சிறுகதை 1921இல் வெளிவந்தது; ஏகாதிபத்தியத்தின் உள்ளிருந்தே எழுந்த கண்டனங்களுள் அதற்கு ஓரிடம் உண்டு. அதே 1906இல் பார்கள் இருபது ஆண்டுகளுக்கு ஒரு இலண்டன் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. பங்குதாரரின் கணக்கேட்டிலே சோளகத்துக்கு இடமிருக்கவில்லை. 1907க்குப் பின் பார்கள் மீண்டும் வெறுமையாயின. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. கம்பனி போயிற்று என்பதற்காக நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை. குளிப்பை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கழித்தன என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

வடக்கே வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்களோ இதே காற்றையும் ஓட்டத்தையும் துணையாகக் கொண்டன. அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்ததை நாம் பெருமையுடன் பேசுவோம். அக்கப்பலைச் செலுத்தியவரின் தந்தையரும் பாட்டன்மாரும் நாகபட்டினத்துக்கும் கோடியக்கரைக்கும் ஆண்டுதோறும் சென்று வந்த பயிற்சியே அதற்கு அடிப்படை என்பதை மறந்துவிடுகின்றோம்.

ஆழமற்ற கடல் சாந்தமானது என்ற எண்ணம் 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவோடு அழிந்தது. வங்காள விரிகுடாவில் உருவாகிய சூறாவளி இலங்கையின் வடபகுதியைக் குறுக்கறுத்துப் பாக்கு நீரிணையினுள் இறங்கிற்று. ஆழமுள்ள இடத்திலே காற்று கரைநோக்கித் தள்ளும் நீர் கீழ்ப்படையின் வழியே திரும்பிச் செல்லக்கூடும். ஆழமற்ற இடத்திலே அதற்கு வழியில்லை. ஆழம் குறையக்குறைய நீர்மட்டத்தின் சரிவு கூடுகின்றது. கரைகளும் தீடைகளும் சூழ்ந்த இக்கடலிலே நீர் சுவராக எழுந்தது. ஏறத்தாழ ஏழு மீற்றர் உயர்ந்த அலை தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு மறைந்தது. மன்னாரும் தலைமன்னாரும் சிதைந்தன. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல்வழி அந்த இரவிலே முடிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் எண்பதுகளின் யுத்தத்தோடு நின்றது. தோட்டத் தொழிலாளர் பலர் இந்நாட்டுக்குள் வந்ததும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் திருப்பி அனுப்பப்பட்டதும் இந்நீர்வழியிலேதான் என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும்.

இக்கடலை வெட்டிப் பெருங்கப்பலுக்கு வழி செய்யும் கனவு பழையது. 1860இல் கடற்படை அதிகாரி டெய்லர் முன்மொழிந்தார். 1955இல் இராமசாமி முதலியார் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 2005 ஜூலை 2ஆந் திகதி சேதுசமுத்திரத் திட்டம் மதுரையிலே தொடக்கிவைக்கப்பட்டது. 167 கிலோமீற்றர் நீளம், 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம் என்பது திட்டம். 2007இல் இந்திய உயர் நீதிமன்றம் இராமர் அணையிலே வேலையைத் தடைசெய்தது. அப்பொழுது எழுந்த பெருவாதமோ அணையைக் கட்டியவர் யார் என்பது பற்றியது. தோண்டிய கால்வாயை வாடையும் சோளகமும் எத்தனை ஆண்டிற் தூர்க்கும்? உவர்ப்புக் கூடிய நீர் தடையின்றி ஏறினால் பெண்கடலின் சாதாழைக்கும் இறாலுக்கும் என்ன நேரும்? தூர்வாரிய சேற்றை எங்கே கொட்டுவது? மீனவர் எழுப்பிய இவ்வினாக்கள் புராணத்தின் இரைச்சலிலே அமிழ்ந்துபோயின. அணை மனிதர் கட்டியதன்று, நீரும் மணலும் கட்டியது என்று சொல்வதிலே நமக்குத் தயக்கமில்லை. அவ்வாறு சொல்லிவிட்டதனால் கால்வாய் நல்லதாகிவிடாது. முற்போக்குக் கருத்துடைய நண்பர் சிலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியதை நாம் அறிவோம்.

கால்வாய் வெட்டப்படவில்லை, கடலடித் தளம் உழப்பட்டது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் ஏறிய விலையும், அரசு தந்த ஊக்கமும் தமிழகக் கரையிலே இழுவைப் படகுகளைப் பெருக்கின. 1974இலும் 1976இலும் இரு அரசுகளும் ஒப்பமிட்டுக் கடலிலே எல்லைக்கோடு வரைந்தன. பின் யுத்தம் வந்தது. நமது வடபகுதி மீனவர் பல்லாண்டு கடலுக்குச் செல்ல இயலாது கரையிலே முடக்கப்பட்டனர். வெறுமையான நீர்ப்பரப்பிலே இழுவைப் படகுகள் பழகிவிட்டன. 2009க்குப் பின் வலைகளோடு திரும்பியவர் அறுந்த வலைகளோடு கரையேறினர். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடுத்தது. நம்மவருள்ளும் சிலர் அத்தொழிலைச் செய்தவரே என்பதை மறைக்கலாகாது. இதனைத் தமிழருக்கும் தமிழருக்குமான பகையென எழுதுவோர் உளர். படகின் உடைமையாளர் வேறு, கூலிக்கு அதில் ஏறிச் சிறைப்படும் தொழிலாளி வேறு என்பதை அவர்கள் நோக்குவதில்லை.

காற்றே அடிவரை கலக்கும் கடலிலே இரும்புப் பலகை கட்டிய மடி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எழும்பிய சேறு கோட்டுக்கு அப்பால் நிற்பதில்லை. வாடைக்காலத்தில் ஒரு பக்கமும் சோளகத்தில் மறுபக்கமுமாக அது செல்கின்றது. குடம்பிகளும் அவ்வாறே. எம்மாதத்தில் எவ்வளவு நீர் எந்த ஓடையின் வழியே செல்கின்றது, அதனோடு எவ்வளவு சேறும் எவ்வுயிரின் குஞ்சும் செல்கின்றன என்பதை இரு கரைகளிலும் ஒரே காலத்தில், ஒரே முறையில் அளந்து, அளந்ததை இரு நாட்டு மீனவர்க்கும் தமிழிலே வெளியிடல் வேண்டும். பருவம் மாறும்போது மன்னார்த் தீவின் வடகரையிலிருந்து தென்கரைக்கு வாடி மாற்றும் தோணிக்காரர் சிலரையாவது அந்த அளவைக் கப்பலிலே ஏற்றிச் செல்வது நன்று.